மேற்கோள்

‘கொள்’ என்னும் வினை முதல் நீண்டு ‘கோள்’ ஆகும். பழைய தருக்கத்தில் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்பது வரிசை. அங்கே மேற்கோள் என்றால் நிறுவ வேண்டிய கூற்று. இன்றோ, பிறர் சொன்னதைச் சான்றாக எடுத்தாள்வது.

சட்டக் கட்டுரையில் சொன்னால் மட்டும் போதாது, இடமும் சுட்ட வேண்டும். ‘பழனிக் கவுண்டன்’ வழக்கை ‘1919, ஐ.எல்.ஆர். 42 மெட்ராஸ் 547’ என்று குறிப்பார்கள். ஐ.எல்.ஆர். என்பது ‘இந்தியன் லா ரிப்போர்ட்ஸ்’ என்னும் தீர்ப்புத் தொகுப்பு. 42 தொகுதி எண். மெட்ராஸ், சென்னை உயர் நீதிமன்ற வரிசை. 547, தீர்ப்பு தொடங்கும் பக்கம். இறந்துவிட்டதாக எண்ணி மனைவியைத் தூக்கில் தொங்கவிட்டது கொலையாகுமா என்று முழு அமர்வு ஆராய்ந்து, ஆகாது என்றது. அத்தீர்ப்பின் ஒரு வரியை எடுத்தாள்பவர், அது வரும் பக்கத்தையும் 547-க்குப் பின் தனியே எழுத வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.