மவுண்ட் லோரல் வழக்கும் வீடமைப்பு இலக்குகளும்

பத்திரிகை அலுவலகத்தில் பணியாற்றிய நாட்களில் அரசாங்கங்களின் வீடமைப்பு இலக்குகள் பற்றிய செய்திகளை எத்தனையோ தடவை செம்மைப்படுத்தி அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். எல்லாம் அமைச்சர்கள் மேடையில் அறிவித்தவை. சாதாரண குடிமக்கள் தொடுத்த வழக்கினால் உள்ளூராட்சி சபைகள் மீது இலக்குச் சுமத்தப்பட்ட கதையைப் பிற்காலத்திலேயே அறிந்தேன். அது அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் நிகழ்ந்தது.

பிலடெல்பியாவுக்கு அண்மையிலுள்ள மவுண்ட் லோரல் முன்னர் விவசாயக் கிராமம். அது புறநகராக வளர்ந்தபோது கறுப்பின மக்களின் பழைய வீடுகள், வாழத் தகுதியற்றவை என்று அகற்றப்பட்டன. பல தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த குடும்பத்தைச் சேர்ந்த எதெல் லோறன்ஸ் என்ற பெண்மணியும் அயலவரும் குறைந்த வாடகையில் 36 வீடுகள் கட்ட அனுமதி கோரினர். சபையின் காணி விதிகள் இடம்கொடுக்கவில்லை. வசதியில்லாதோர் ஊரைவிட்டுப் போகவேண்டியதுதான் என்று 1970இல் ஊர் மேயர் தேவாலயத்தில் வைத்தே அவர்களிடம் கூறிவிட்டார். மறு ஆண்டு வழக்குத் தொடுக்கப்பட்டது.

வளர்ந்துவரும் ஒவ்வொரு சபையும் தனது பிராந்தியத்தின் வீட்டுத் தேவையில் நியாயமான பங்கை ஏற்கவேண்டும் என்று 1975இல் மாநில உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எத்தனை வீடுகள் என்று மட்டும் சொல்லவில்லை. சபைக்கு அது போதுமானதாக இருந்தது! எவரும் கட்ட முன்வராத மூன்று துண்டுக் காணிகளை, மொத்தம் 20 ஏக்கர், ஒதுக்கிவிட்டு அமைதியாக இருந்துகொண்டது.

1983இல் பிரதம நீதியரசர் றொபேட் விலென்ற்ஸ் எழுதிய இரண்டாவது தீர்ப்பே அந்த வாசலை அடைத்தது. இனிப் பங்கு எண்ணிக்கையாகவே தீர்மானிக்கப்படும். தட்டிக்கழிக்கும் ஊரில், குறிப்பிட்ட விகித வீடுகளை வறியோருக்கு ஒதுக்கும் கட்டட நிறுவனம் நீதிமன்ற ஆணை பெற்றுக் கட்டலாம். சபைகள் கொதித்தெழுந்தன. 1985இல் மாநிலச் சட்டமன்றம், இலக்குகளைக் கணக்கிட ஒரு மன்றத்தை அமைத்தது. அதே சட்டம், வசதியான ஊர் தன் பங்கில் பாதிவரை பணம் கொடுத்து இன்னோர் ஊரின் தலையில் கட்டவும் வழிவிட்டது. நீதிமன்றத்தில் வென்றெடுத்த உரிமை இவ்வாறு விலைபேசப்பட்டதை என்னால் ஏற்கமுடியவில்லை. 2008இல்தான் அது ஒழிந்தது.

மன்றமும் காலப்போக்கில் முடங்கியது. 2015இல் நீதிமன்றம் பொறுப்பை மீளப் பெற்றது. 2024ஆம் ஆண்டுச் சட்டம் மன்றத்தையே கலைத்து, கணக்கிடும் பணியை மாநிலத் திணைக்களம் ஒன்றிடம் கொடுத்தது. சில ஊர்கள் அதையும் எதிர்த்து வழக்குப் போட்டன.

எதெல் லோறன்ஸ் 1994இல் காலமானார். அவருடைய பெயரைத் தாங்கிய குடியிருப்பில், மவுண்ட் லோரலில், முதற் குடும்பங்கள் குடியேறியது 2000ஆம் ஆண்டளவில்.