குடியேறிய மீன்கள்

நீலகிரியில் அவலாஞ்சி என்று ஓர் இடம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்ச் மாதத்தில் அங்கே போக நேர்ந்தது. சோலைக் காட்டின் ஓரத்தில் டிரௌட் மீன் வளர்க்கிற பண்ணை. ஓடை நீரைத் திருப்பித் தொட்டிகளில் ஓட விட்டிருந்தார்கள். விரல் நீளக் குஞ்சுகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பிரார்த்தனைக்கு நிற்பதுபோல, ஓட்டத்துக்கு எதிர்முகமாக வரிசையாக நின்றன. தண்ணீரில் கையை விட்டேன். அதிக நேரம் வைத்திருக்க முடியவில்லை, அவ்வளவு குளிர்.

"இது எந்த ஊர் மீன், பெரியவரே?" என்று அங்கே நின்றவரைக் கேட்டேன்.

"ஊட்டி மீனுங்க" என்றார். வேறு எந்த ஊர் மீனாக இருக்க முடியும் என்கிற ஆச்சரியம் அவர் குரலில் இருந்தது.

அவர் சொன்னது பொய்யல்ல. ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஒரே ஓடையில் குடித்தனம் செய்கிற குடும்பத்தைப் பார்த்து 'நீ எந்த ஊர்?' என்று கேட்பது மரியாதையுமல்ல. ஆனால் கதை எழுதுகிறவனுக்கு மரியாதையைவிடப் பிறர் பூர்வோத்தரத்தில் ஆசை அதிகம். ஊர் திரும்பியதும் புத்தகங்களைப் புரட்டினேன். சென்னை ராணுவத்தில் வைத்தியராக இருந்தவரும், இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவருமான பிரான்சிஸ் டே, 1860-களிலேயே டிரௌட்டை நீலகிரிக்குக் கொண்டுவரப் பாடுபட்டார். பலிக்கவில்லை. 1907-ல் அவலாஞ்சிப் பண்ணை ஏற்பட்ட பிறகு இங்கே வேரூன்றியது வானவில் டிரௌட் என்கிற ஜாதி. அதன் பிறந்தகம் பசிபிக் சமுத்திரத்தில் விழும் ஆறுகள், முக்கியமாக அமெரிக்காவின் மேற்குக் கரை ஆறுகள்.

பூர்வீகம் தெரிந்துவிட்டது என்று அத்தோடு புத்தகத்தை மூடியிருக்கலாம். மூடாமல் மேலே படித்ததில்தான் விஷயம் வேறு விதமாகப் போயிற்று. அமெரிக்காவில் வசந்தத்தின் வாசலில் ஜனங்கள் தூண்டிலும் கையுமாக எந்த மீன்களைத் தேடி ஓடுகிறார்களோ, அவற்றில் பல அந்த ஆறுகளுக்கே வந்தேறிகளாம்!

நியூயார்க் மாகாணத்தில் காட்ஸ்கில் என்று ஒரு மலைப் பிரதேசம் உண்டு. பீவர்கில், வில்லோவீமாக், நெவர்சிங்க் என்று சின்னச் சின்ன ஆறுகள். அந்த மாகாணத்தில் டிரௌட் பிடிக்கும் பருவம் நெடுங்காலமாக ஏப்ரல் முதல் தேதி தொடங்கி வந்தது. இப்போது மற்ற மாதங்களில் பிடித்துத் திரும்ப விட்டுவிடலாம் என்று சட்டத்தைத் தளர்த்தியிருக்கிறார்கள். ஆனால் பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமானால் ஏப்ரல் பிறந்தாக வேண்டும். நம் ஊரில் ஆடிப் பெருக்குக்கு ஆற்றங்கரைக்குப் போவது போல அங்கே அந்த நாள். என்ன, நாம் சித்திரான்னம் கட்டிக்கொண்டு போகிறோம். அவர்கள் கம்பளிச் சட்டை மேல் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு போகிறார்கள். கரையில் உறைபனி கிடக்கும். தூண்டிற்கோலின் வளையங்களில் பனிக்கட்டி பிடித்துக்கொள்ளும். மீனுக்கோ குளிரில் பசி மந்தம். ஆழத்தில் படுத்துக் கிடக்கும். சில நாள் வெயில் காய்ந்து, தண்ணீர் 10 டிகிரி அளவுக்கு ஏறியதும், கல்லுக்கடியில் வருஷம் முழுவதும் புழுவாய்க் கிடந்த ஒரு பூச்சி, ஈசல் மாதிரி சிறகு முளைத்து நீர்ப்பரப்புக்கு வரும். அப்போது மீனும் மேலே வரும். அந்த நாழிகைக்காகத்தான் இத்தனை பாடும்.

அப்படி மேலே வருகிற மீன் பெரும்பாலும் பழுப்பு டிரௌட். அது ஜெர்மனியிலிருந்து வந்தது. சொந்த மீனுக்கு என்ன ஆயிற்று என்பதுதான் கேள்வி.

சொந்த மீனுக்கு ஓடை டிரௌட் என்று பெயர். சிவந்த வயிறு, வெள்ளைக் கரையிட்ட துடுப்பு, முதுகில் வண்டரித்தாற்போன்ற கோலம், அழகான பிராணி. சுபாவத்தில் வெகுளி. எதைப் போட்டாலும் கவ்வும். அதற்கு வேண்டியது ஒன்றே ஒன்று, குளிர்ந்த சுத்தமான நீர். 20 டிகிரிக்கு மேல் போனால் அதற்கு மூச்சு முட்டும்.

அந்தக் குளிர்ச்சியைக் காத்து வந்தவை கரையோரத்து ஹெம்லாக் மரங்கள். (சாக்ரடீஸ் குடித்த விஷச் செடிக்கும் இதே பெயர்தான், இது வேறு, ஊசியிலை மரம்.) அடர்ந்த நிழல் தருகிற மரம். அதன் துரதிர்ஷ்டம், பட்டையில் துவர்ப்பு அதிகம். நம் நாட்டில் ஆவாரம் பட்டையை வைத்துத் தோல் பதனிட்டது போல, அங்கே ஹெம்லாக் பட்டையை வைத்துப் பதனிட்டார்கள். 1820-களில் சடாக் பிராட் என்ற முதலாளி பெரிய தோல் தொழிற்சாலை வைத்தார்; அவர் பெயரால் பிராட்ஸ்வில் என்ற ஊரே உண்டாயிற்று. தென் அமெரிக்காவிலிருந்தெல்லாம் தோல் கப்பலில் வந்து, மாட்டு வண்டியில் மலை ஏறியது. பட்டை கனமான சரக்கு. பட்டையைத் தோலிடம் கொண்டு போவதைவிடத் தோலைப் பட்டையிடம் கொண்டு போவது லாபம் என்று கணக்கு! மரத்தை வெட்டி, பட்டையை உரித்து, கட்டையைப் பெரும்பாலும் காட்டிலேயே அழுக விட்டார்கள். நிழல் போயிற்று. தண்ணீர் சுட்டது. தொழிற்சாலைக் கழிவு ஆற்றில் கலந்தது. மிஞ்சிய மீன்களை, ரயில் வந்த பிறகு நகரத்திலிருந்து வந்த கனவான்கள் கூடை கூடையாகப் பிடித்துத் தீர்த்தார்கள். அமெரிக்கர்களின் காலில் பூட்ஸ் ஏறியது. ஆற்றிலிருந்து மீன் இறங்கிப் போயிற்று.

இந்த நிலைமையில்தான் பிரட் மேதர் என்ற மனிதர் வருகிறார். 1833-ல் பிறந்தவர். உள்நாட்டுப் போரில் வடக்கர் படையில் சண்டை போட்டவர். பிறகு மீன் வளர்ப்பில் இறங்கினார். 1880-ல் பெர்லினில் சர்வதேச மீன் கண்காட்சி நடந்தபோது அங்கே போனவருக்கு, ஜெர்மன் மீன்வளச் சங்கத் தலைவர் பான் பேர் பிரபுவின் சிநேகம் கிடைத்தது. பிரபு அவரைக் கறுப்பு வனத்துக்கு அழைத்துப் போய்த் தூண்டில் போட வைத்தார். மேதரின் தூண்டிலில் பழுப்பு டிரௌட் விழுந்தது. மேதர் தாமே அந்த மீனிடம் விழுந்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். சற்று வெதுவெதுப்பான நீரையும் பொறுக்கிற மீன் அது. கூச்சமும் எச்சரிக்கையும் உள்ளது. பல நூற்றாண்டுகளாக மனிதனின் சூதைப் பார்த்துப் பழகியது.

1883 பிப்ரவரியில் 'வெர்ரா' என்ற கப்பலில் நியூயார்க்கில் 80,000 முட்டைகள் வந்து இறங்கின. பிரபு அனுப்பிய சீதனம். மீன் முட்டை எப்படி அட்லாண்டிக்கைக் கடக்கும் என்று வாசகர்கள் கேட்கலாம். டிரௌட் முட்டைக்குக் குளிரில் அவசரம் கிடையாது. நீர் குளிரக் குளிர உள்ளே கரு மெள்ள வளரும். பொரிக்க மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஈரமும் பனிக்கட்டியின் குளிர்ச்சியும் விடாமல் இருந்தால் அது பாட்டுக்குத் தூங்கிக்கொண்டே பிரயாணம் செய்யும். மேதர் தம் கோல்ட் ஸ்பிரிங் துறைமுகப் பண்ணையில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு, மற்றவற்றைக் கலிடோனியா பண்ணைக்கும் மிச்சிகன் மாகாணத்து நார்த்வில் பண்ணைக்கும் அனுப்பினார். 1884 ஏப்ரல் 11-ந் தேதி, நார்த்வில்லில் பொரித்த 4,900 குஞ்சுகளை மிச்சிகனின் பால்ட்வின் ஆற்றில் விட்டார்கள்.

அந்தக் காலத்து அமெரிக்காவுக்கே இது ஒரு பித்தாகப் பிடித்திருந்தது. எந்த மீனை எந்த ஆற்றில் விட்டால் என்ன, தண்ணீர்தானே என்கிற மனோபாவம். பாஸ் என்று ஒரு மீன். (பரீட்சையில் பாஸான மீன் அல்ல, பெயரே அது.) மலைக்கு மேற்கே ஓஹையோ ஆற்று வட்டாரத்தில் இருந்தது, கிழக்கே பொடோமாக் ஆற்றில் இல்லை. 1854-ல் வீலிங் நகரத்து ஷ்ரைவர் என்பவர் சில பாஸ் மீன்களைப் பிடித்து, ரயில் எஞ்சினுக்குப் பின்னால் இருக்கிற தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டு, மலைத்தொடரைத் தாண்டிக் கம்பர்லாந்துக்குக் கொண்டுபோய்க் கால்வாயில் விட்டார். கரி வண்டியில் டிக்கட் இல்லாமல் வந்த அந்தச் சில மீன்களின் வம்சம் பொடோமாக் முழுவதும் பரவியது. பொடோமாக் என்றால் வாஷிங்டன் நகரம் வழியாக ஓடுகிற ஆறு! அந்த வட்டாரத்தில் பாஸ் பிடிக்கிறவர்கள், அது ஆதி காலந்தொட்டு அங்கே இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

பாஸ் மீனின் ஒரு குணத்தை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. வசந்தத்தில் தண்ணீர் சற்றுச் சூடானதும் ஆண் மீன் மணலை வாலால் ஒதுக்கிக் கூடு போலச் செய்யும். பெண் மீன் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். முட்டையையும் குஞ்சையும் காப்பது தகப்பன்தான். இரை தேடக்கூடப் போகாமல், கிட்டே வருவதையெல்லாம் சீறித் துரத்தும். அப்போது தூண்டிலைப் போட்டால் பசியினால் அல்ல, கோபத்தினால் கவ்வும். தகப்பனைத் தூக்கிய மறுநிமிஷமே சின்ன மீன்கள் கூட்டமாக வந்து கூட்டைச் சூறையாடும். இதற்காகவே பல இடங்களில் அந்தப் பருவத்தில் பாஸ் பிடிக்கத் தடை வைத்தார்கள். தடை நியாயம் என்பது என் அபிப்பிராயம்.

குடியேற்றம் எப்போதும் ஒழுங்காக நடந்துவிடவும் இல்லை. லிவிங்ஸ்டன் ஸ்டோன் என்று ஒருவர், பாதிரியாராக இருந்து மீன் வளர்ப்புக்கு வந்தவர். 1873 ஜூன் மாதத்தில் லட்சக்கணக்கான மீன்களைத் தொட்டிகளில் அடைத்துத் தனி ரயில் பெட்டியில் கலிபோர்னியாவுக்குக் கொண்டு போனார். நெப்ராஸ்காவில் எல்க்ஹார்ன் ஆற்றுப் பாலம் இடிந்து பெட்டி தண்ணீரில் விழுந்தது. ஸ்டோன் நீந்திக் கரையேறினார். மீன்களும் அவ்வாறே நீந்திப் போயின, சீட்டு வாங்கிய ஊருக்கு முன்னாலேயே இறங்கிவிட்ட பிரயாணிகளைப் போல.

பழுப்பு டிரௌட்டுக்கு முதலில் நல்ல வரவேற்பு இல்லை. மற்ற மீன்களைத் தின்கிறது, பிடிபடவும் மறுக்கிறது என்று புகார். பழைய முறையில் மூன்று ஈயைக் கட்டி நீருக்குள் இழுத்தால் அது ஏமாறுவதாயில்லை. இந்த இடத்தில் கதைக்குத் தகுந்த ஒரு நாயகர் கிடைக்கிறார். தியோடர் கார்டன், 1854-ல் பிறந்தவர். உடம்பு நலிந்தவர், கல்யாணம் ஆகாதவர். நெவர்சிங்க் கரையில் கிராமத்து வீடுகளில் தங்கி, இறகும் நூலும் கொண்டு பொய் ஈக்கள் கட்டி விற்று ஜீவனம் செய்தார். இங்கிலாந்தில் ஹால்போர்டு என்பவர் மிதக்கும் ஈக்களைப் பற்றி 1886-ல் புத்தகம் எழுதியிருந்தார். கார்டன் அவருக்குக் கடிதம் எழுத, 1890 பிப்ரவரியில் பதிலோடு ஒரு பொட்டலம் ஈக்களும் வந்தன. ஆங்கிலேய ஈக்கள் அமைதியான ஆறுகளுக்கு ஏற்றவை. கார்டன் அவற்றை முன்மாதிரியாக வைத்துக்கொண்டு, தம் ஆற்றில் ஏப்ரல் குளிரில் பறக்கிற பூச்சியைப் பார்த்துப் புதிதாகக் கட்டினார். ஜெர்மன் மீனைப் பிடிக்க ஆங்கிலேய வித்தை. அதிலிருந்து பிறந்ததுதான் அசல் அமெரிக்கப் பாணி என்று இன்று பெருமையாகச் சொல்லப்படுவது.

கார்டனின் புகைப்படம் ஒன்று உண்டு. ஆற்றில் நிற்கிறார், பக்கத்தில் நீண்ட பாவாடையுடன் ஒரு பெண். தம் மீன்பிடி சகாக்களில் ஒரு பெண்ணே மிகச் சிறந்தவள் என்று அவர் எழுதியிருக்கிறார். பெயரைச் சொல்லவில்லை. நானாயிருந்தால் ஒரு நாவலே எழுதியிருப்பேன். அந்த மனுஷர் பூச்சியைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்துவிட்டு 1915-ல் காலமானார்.

நஷ்டத்தை மறைக்கவா, ஈடு செய்யவா மேதர் அந்த முட்டைகளை வரவழைத்தார்? எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தோன்றவில்லை. பழுப்பு டிரௌட் வராமல் போயிருந்தால், காலியான ஆறு கண்ணை உறுத்தியிருக்கும், யாராவது கேட்டிருப்பார்கள். மீன் வந்துவிட்டது, ஏப்ரல் திருவிழா தொடர்ந்தது, ஆற்றில் என்ன போயிற்று என்பதே இரண்டு தலைமுறையில் மறந்து போயிற்று. நல்லவேளையாகக் காட்டை மட்டும் 1885-ல் சட்டம் போட்டுக் காக்கத் தொடங்கினார்கள். மரங்கள் திரும்ப வளர்ந்தன. மலை உச்சியில், ஒரு எட்டில் தாண்டிவிடக் கூடிய ஓடைகளில், சொந்த மீன் உள்ளங்கை நீளத்துக்கு இன்னும் உயிரோடிருக்கிறது. 1975-ல் அதையே நியூயார்க் மாகாணத்தின் மீனாகப் பிரகடனம் செய்தார்கள். வீட்டை வந்தவருக்குக் கொடுத்துவிட்டு, தாத்தாவின் படத்தைக் கூடத்தில் மாட்டுகிற மாதிரி. அந்த ஹெம்லாக் மரங்களை இப்போது ஜப்பானிலிருந்து வந்த ஒரு பூச்சி உறிஞ்சிக்கொண்டிருக்கிறது.

நெவர்சிங்க் என்ற பெயரை ஆங்கிலமாக நினைத்துப் படித்தால் 'ஒருநாளும் முழுகாது' என்று பொருள் வரும். நியூயார்க் நகரத்துக்குக் குடிதண்ணீர் வேண்டி அந்த ஆற்றின் குறுக்கே அணை கட்டி 1953-ல் முடித்தார்கள். நெவர்சிங்க் கிராமம் முழுகியது. கார்டன் கடைசியாகத் தங்கிய வீட்டு மனையும், அவர் நின்று தூண்டில் போட்ட மடுக்களும் தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன. நீர்த்தேக்கத்தின் அடியிலிருந்து திறந்து விடுகிற தண்ணீர் கோடையிலும் சில்லென்று வருகிறது. அணைக்குக் கீழே, அந்தக் குளிர்ச்சியில், ஜெர்மன் மீன் சௌக்கியமாக இருக்கிறது.