லயத்திலிருந்து இல்லத்திற்கு: மலேசியத் தமிழ் முதியோரும் முதியோர் இல்லத் தரமும் - ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

முதியோர் இல்லம் ஒன்றின் தரத்தை எதைக் கொண்டு அளப்பது என்னும் வினா பெரும்பாலும் நிர்வாகத் துறையினருக்கு உரியதாகவே கருதப்பட்டு வந்துள்ளது. கட்டில்களுக்கு இடையே உள்ள தூரம், கழிவறைகளின் எண்ணிக்கை, தீயணைப்புக் கருவிகள், பணியாளர் விகிதம் முதலியன மேற்பார்வை அதிகாரியின் படிவத்தில் நிரப்பப்படுகின்றன. படிவம் நிறைந்தால் இல்லம் தரமானது. இந்த அளவுகோலுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாறு மலேசியத் தமிழ் முதியோரின் வரலாற்றோடு பொருந்தாமல் விலகி நிற்கும் இடங்களைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்தகைய பொருளில் எழுதுவோர் சோழர் கால ஆதுலர்சாலையிலிருந்து தொடங்குவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அவ்வழக்கத்தை இங்குப் பின்பற்றவில்லை. திருமுக்கூடல் கல்வெட்டு கூறும் ஆதுலர்சாலை நோயுற்றோர்க்கு உரியது. முதுமை அங்கே தனித்ததொரு சமூக நிலையாகக் கருதப்படவில்லை. மேலும், மலேசியத் தமிழ் முதியவர் கோயிற் சாலையின் நிழலில் முதுமை எய்தியவர் அல்லர். தோட்ட லயத்தில் முதுமை எய்தியவர். ஆகவே லயத்திலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது.

லயமும் முதுமையும்

மலாயாத் தோட்டங்களில் வீடு என்பது கூலியின் ஒரு பகுதி. வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால் வீடும் போயிற்று. ஒப்பந்தக்கூலி முறையில் இந்தியத் தொழிலாளர் வருகை 1910 இல் நிறுத்தப்பட்ட பின்னரும், கங்காணி முறை செழித்திருந்த காலத்திலும், இந்த அடிப்படை மாறவில்லை. தோட்டத்திற்கு ஆள் திரட்டியோர் உழைக்கும் வயதினரையே திரட்டினர். எனவே முதற்கட்டத்தில் தோட்டங்களில் முதியவர் தொகை குறைவாக இருந்தது. முதுமையைப் பற்றி நிர்வாகம் சிந்திக்க வேண்டிய தேவையும் எழவில்லை.

குடும்பங்கள் நிலைபெறத் தொடங்கிய பிறகு லயத்தில் முதியவருக்கு ஓர் இடம் உருவாயிற்று. பால் வெட்டுக்குப் போக இயலாத பெண்கள் ஆயாக் கொட்டகையில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டனர். விடியற்காலைப் பெரட்டுக்குச் செல்லும் தாய் தன் கைக்குழந்தையைத் தொட்டிலில் இட்டுச் செல்ல, ஆயாக் கிழவி அதனை ஆட்டினாள். ஆண்கள் கோழி, ஆடு, மாடு பார்த்தனர். கோயில் முற்றம் கூட்டினர். இவற்றைச் சட்டம் எதுவும் ‘முதியோர் நலம்’ என்று குறித்ததில்லை. ஆயினும் நாளை முழுவதும் நிரப்பும் ஒரு பணி, தன் மொழி பேசும் அண்டைவீட்டார், பழகிய சோறு, நடந்து செல்லும் தொலைவில் கோயில் ஆகிய நான்கும் அங்கே ஒருங்கே அமைந்திருந்தன.

இதனைக் கொண்டு லயத்தைப் போற்றிப் பாட வேண்டியதில்லை. ஒழுகும் கூரையும் பொதுக்குழாயும் நெருக்கடியும் நாம் அறிந்தவையே. அதனினும் முக்கியமானது, முதியவரின் இருப்பு இன்னொருவரின் பெயரைச் சார்ந்திருந்தமை. மகனோ மகளோ மருமகளோ செக்ரோலில் இருக்கும்வரையே கிழவருக்கு அந்த வீட்டில் இடம். பிள்ளையற்றவர், பிள்ளைகளை இழந்தவர், தனியாளாக வந்து தனியாளாகவே நின்றுவிட்டவர் ஆகியோருக்கு அந்த உறுதியும் இல்லை.

கப்பல் என்னும் முதியோர் நலத்திட்டம்

இவ்வாறு நின்றுபோனவர்களுக்குக் குடியேற்ற அரசு கண்ட வழி கப்பல். 1907 இல் தமிழர் குடிவரவு நிதி சட்டத்தால் நிறுவப்பட்டது. பின்னர் அது இந்தியர் குடிவரவு நிதி என வழங்கலாயிற்று. முதலாளிகள் தத்தம் தொழிலாளர் வேலை செய்த நாட்களின் கணக்குப்படி இந்நிதிக்கு வரி செலுத்தினர். ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களின் செலவும், வருவோரின் பயணச் செலவும் இதிலிருந்தே கொடுக்கப்பட்டன. உழைக்க இயலாதவர்களை ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவும் இதில் அடங்கும். தளர்ந்த தொழிலாளருக்காக இந்நிதி ஓர் இல்லத்தையும் கோலாலம்பூரில் நடத்தியது. எனினும் அது கொள்கையின் ஓரத்தில் இருந்த ஏற்பாடு. மையத்தில் இருந்தது கப்பலே.

உலகப் பொருளாதார மந்தத்தின்போது, 1930 முதல் 1932 வரை, இலட்சத்திற்கும் அதிகமான இந்தியர் மலாயாவிலிருந்து திரும்பினர். வரலாற்று நூல்கள் இதனை வேலையின்மையோடு தொடர்புபடுத்தி விளக்குகின்றன, அது சரியே. ஆனால் இந்நிகழ்வின் அடியில் ஓர் அனுமானம் இருப்பதைக் கவனித்தல் வேண்டும். தமிழ்த் தொழிலாளியின் இளமை மலாயாவுக்கு உரியது. அவருடைய நோயும் மூப்பும் இறப்பும் தஞ்சாவூர், திருச்சி, சேலம், வடஆற்காட்டுச் சிற்றூர்களுக்கு உரியன. முதுமையின் செலவைச் சுமக்கும் பொறுப்பு, இளமையின் பயனைத் துய்க்காத ஊர்களின்மீது சுமத்தப்பட்டது. மலாயாவில் தமிழருக்கென முதியோர் நிறுவனங்கள் வளராமைக்கு நம்மவரின் அக்கறையின்மையைக் காரணம் காட்டுவோர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

1938 இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர் மலாயாவுக்குச் செல்வதைத் தடைசெய்தது. போருக்குப் பின்னர் இங்கேயே பிறந்து இங்கேயே மூத்தவர்களின் தொகை பெருகியது. குடிவரவு நிதியின் எஞ்சிய தொகை 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழித் தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாக உருமாறியது. அந்நிதியைக் கலைக்கும் சட்டம் 1999 இல் இயற்றப்பட்டது. தொழிலாளர் உழைத்த ஒவ்வொரு நாளையும் எண்ணித் திரட்டிய பணம் அது. அதன் தொடக்கம் குறித்து ஆய்வு செய்தோர் உளர். அதன் முடிவு குறித்துத் தமிழில் போதிய ஆய்வு நிகழவில்லை என்பதே என் கருத்து.

1951 இல் ஊழியர் சேமநிதி ஏற்பட்டது. இது பெரிய முன்னேற்றம். எனினும் குறைந்த கூலியிலிருந்து சேர்ந்த தொகை குறைவாகவே இருந்தது. அது ஐம்பத்தைந்து வயதில் மொத்தமாகக் கைக்கு வரும். மகளின் திருமணம், வீட்டு முன்பணம், கடன் என்று கரையும். இதற்கிடையே தோட்டங்கள் துண்டாடப்பட்டன. 1968 ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைத் தொடர்ந்து, குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதிச் சீட்டுப் பெற வேண்டியதாயிற்று. பல்லாயிரவர் நாடு திரும்பினர். பின்னர் நகரங்களை அடுத்த தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது, இளையோர் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். ஆயாக் கொட்டகையும் மாட்டுத் தொழுவமும் அடுக்குமாடிக்கு உடன்வரவில்லை. நான்காம் மாடி வீட்டில் கிழவிக்குப் படுக்க இடம் இருந்தது. செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

ஏழையர் சட்டத்தின் எச்சம்

தமிழ் முதியவர் இவ்வாறு வந்து சேர்ந்த முதியோர் இல்லம் வேறொரு வரலாற்றின் விளைவு. இங்கிலாந்தில் 1834 ஆம் ஆண்டு ஏழையர் சட்டத் திருத்தம் உழைப்பில்லங்களை நாடு முழுவதும் பரப்பியது. அவற்றின் உள்நிலை, வெளியே வாழும் மிக ஏழையான கூலியாளின் நிலையைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் அடிப்படைக் கொள்கை. வசதிக் குறைவு அங்கே கவனக்குறைவால் நேர்ந்ததன்று, திட்டமிடப்பட்டது. 1948 ஆம் ஆண்டுத் தேசிய உதவிச் சட்டம் ஏழையர் சட்டத்தை ஒழித்து, முதியோருக்குத் தங்குமிடம் அளிக்கும் கடமையை உள்ளூராட்சி மன்றங்களுக்கு அளித்தது. உழைப்பில்லத்தின் இடத்தில் சிறு விடுதி போன்ற இல்லங்கள் அமையும் என்பது அமைச்சர் அனூரின் பெவானின் எதிர்பார்ப்பு.

பத்தாண்டுகள் கழித்து, பீட்டர் டவுன்சென்ட் என்னும் சமூகவியலாளர் இங்கிலாந்திலும் வேல்சிலும் 173 இல்லங்களை நேரிற் சென்று ஆராய்ந்தார். ‘இறுதிப் புகலிடம்’ எனப் பொருள்படும் அவரது நூல் 1962 இல் வெளிவந்தது. சட்டம் மாறியும் பழைய உழைப்பில்லக் கட்டடங்களிலேயே பெருந்தொகையான முதியோர் தொடர்ந்து வாழ்ந்ததை அவர் கண்டார். அந்நூலின் சிறப்பு அக்கண்டுபிடிப்பில் மட்டும் இல்லை. இல்லத்தின் தரத்தை அளக்க அவர் ஓர் அளவுகோலை வகுத்தார். கட்டட வசதியும் பணியாளரும் அதில் உண்டு. அவற்றுக்கு இணையாகப் பொழுதை நிரப்பும் செயல்கள், அன்றாட வாழ்வில் உரிமை, உறவினரோடும் வெளியுலகத்தோடும் உள்ள தொடர்பு ஆகியனவும் இடம்பெற்றன. தான் விரும்பும் நேரத்தில் எழலாமா, சொந்தப் பொருளை உடன் வைத்துக்கொள்ளலாமா என்பன போன்ற வினாக்கள் அப்போதுதான் தரம் பற்றிய வினாக்களாயின. பின்னாளில் இங்கிலாந்தின் 2000 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட தரவிதிகள், புதிய இல்லங்களின் தனியறைக்கு 12 சதுர மீட்டர் பரப்பு வேண்டும் என்று வரையறுக்கும் அளவுக்குச் சென்றன. பரப்பளவை வரையறுப்பது எளிது. டவுன்சென்டின் எஞ்சிய வினாக்களை விதியாக்குவது கடினம்.

மலாயாவில் சமூக நல இலாகா 1946 இல் தோன்றியது. அதன் பொறுப்பில் அமைந்த முதியோர் இல்லங்களே இன்று ரூமா ஸ்ரீ கெனாங்கான் என்னும் பெயரில் இயங்குகின்றன. படுக்கையில் வீழ்ந்தோருக்கு ரூமா ஏசான் உண்டு. அவற்றின் நிர்வாக விதிகள் 1983 இல் வகுக்கப்பட்டன. அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனவர், ஆதரிக்க உறவினர் அற்றவர், நிலையான இருப்பிடம் அற்றவர், தொற்றுநோய் இல்லாதவர் என்னும் சேர்க்கை நிபந்தனைகளைக் கவனித்தால், ‘அற்றவர்’ என்னும் சொல்லே மீண்டும் மீண்டும் வருவதைக் காணலாம். அன்பும் கடமையுணர்வும் உள்ள பணியாளர் பலர் அங்குப் பணிபுரிகின்றனர் என்பதில் ஐயமில்லை. நான் குறிப்பிடுவது அமைப்பின் தோற்றுவாயை.

தனியார் இல்லங்களும் அறநிறுவன இல்லங்களும் பெருகியபோது, 1993 ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டம் இயற்றப்பட்டது. நால்வர் அல்லது அதற்கு மேற்பட்டோர் தங்கும் இல்லம் பதிவு பெற வேண்டும் என்றாயிற்று. சிங்கப்பூர் தன் முதியோர் இல்லச் சட்டத்தை அதற்கு முன்பே, 1988 இல், நிறைவேற்றியிருந்தது. மலேசியாவில் மருத்துவப் பராமரிப்பு வழங்கும் தனியார் முதியோர் நிலையங்களுக்கென வேறொரு சட்டம் 2018 இல் அரசிதழில் வெளியாயிற்று. இச்சட்டங்களின் போக்கு வரவேற்கத்தக்கது. ஆனால் இவற்றின் கண் கட்டடத்தின் மீதும் உடலின் மீதும் பதிந்த அளவுக்கு, அவ்வுடலில் வாழ்பவரின் மொழியின் மீது பதியவில்லை.

படிவத்தில் இடம்பெறாதவை

மொழியை இங்கே பண்பாட்டுப் பெருமைக்காகக் குறிப்பிடவில்லை. தோட்டத்தில் மூத்த பெண்மணி ஒருவருக்குப் பாசார் மலாய் தெரியும். கடைக்கும் மருந்தகத்துக்கும் அது போதும். ஆனால் மூட்டில் குடைச்சல், நெஞ்சில் கரிப்பு, இடுப்பில் பிடிப்பு, காலில் உளைச்சல், புண்ணில் விண்விண்ணென்று தெறிப்பு, கண்ணில் உறுத்தல் என்று அவர் பிரித்தறியும் துன்பங்கள் அனைத்தும் அந்த மலாயில் ‘சாக்கிட்’ என்னும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. மலாய்மொழி வளமற்றது என்பதன்று இதன் பொருள். அவர் அறிந்த மலாய் அவ்வளவே. தமிழ் அறிந்த பணியாளர் ஒருவரும் இல்லாத இல்லத்தில், கட்டிலும் மருந்தும் குறைவின்றி இருப்பினும், அவருடைய நோய் சரியாகக் கேட்கப்படுவதில்லை. இது மருத்துவத் தரம் பற்றிய குறைபாடு. இதனை அளக்கும் கட்டம் படிவத்தில் இருத்தல் வேண்டும்.

உணவு பற்றி விரிவாகக் கூற வேண்டியதில்லை. புழுங்கலரிசிக் கஞ்சியும் இரசமும் கேட்கும் நாக்கை எல்லாரும் அறிவர். பொழுதைப் பற்றிக் கூறலாம். நம் தமிழ்ப்பள்ளிகள் தீபாவளியையொட்டி முதியோர் இல்லங்களுக்கு மாணவரை அழைத்துச் செல்கின்றன. முறுக்கும் வேட்டியும் வழங்கி, படம் எடுத்துத் திரும்புகின்றன. நல்லெண்ணத்தோடு செய்யப்படும் பணிதான். எனினும் ஐம்பது ஆண்டுகள் பிறர் குழந்தைகளைத் தொட்டிலில் ஆட்டிய ஆயாவிடம் அக்குழந்தைகள் ஒரு தாலாட்டுக் கேட்டு எழுதிவந்தார்களா என்று ஆசிரியராகிய நாம் நம்மையே வினவிக்கொள்ளலாம். அவ்வாறு கேட்டால் அன்று கொடுப்பவர் அவர், பெறுபவர் நாம்.

இறப்பு இன்னொன்று. சேர்க்கைப் பதிவேட்டில் சமயம் ‘இந்து’ என்றிருக்கும். அச்சொல்லைக் கொண்டு என்ன செய்ய வேண்டும் என்பதை நிர்வாகம் அறிய இயலாது. தோட்டக் குடும்பங்களில் புதைப்பவரும் உண்டு, எரிப்பவரும் உண்டு. கொள்ளி வைக்க யார், நீர்மாலை எடுக்க யார், பதினாறாம் நாள் எங்கே என்னும் வினாக்கள் உறவினர் அற்றவர்க்கும் உள்ளன. உயிரோடு இருக்கும்போதே அவரிடம் தமிழில் கேட்டுக் குறித்துவைப்பதற்கு அதிகப் பொருட்செலவு ஆகாது. கேட்பதற்கு ஒருவர் வேண்டும், குறிப்பதற்கு ஒரு பத்தி வேண்டும்.

இப்பதிவேடுகளை வரலாற்றுச் சான்றுகளாக அணுகும் ஆய்வும் தொடங்கப்பட வேண்டும். உரிய இசைவு பெற்று, பெயர்களை மறைத்து, ஒவ்வொருவரும் எத்தோட்டத்திலிருந்து வந்தார், எவ்வேலை செய்தார், எப்போது வீட்டை இழந்தார் என்பதை மட்டும் தொகுத்தாலும், தோட்டத் துண்டாடலின் மனிதக் கணக்கு ஓரளவு புலப்படும். ஆயாக் கொட்டகையில் 1950களில் பணிசெய்தவர்களுள் இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலரே. முதுகலை மாணவர் எவரேனும் இப்பொருளை எடுத்துக்கொள்வாராயின், நூலகத்திற்கு முன்னர் இல்லத்திற்குச் செல்லுமாறு நான் அறிவுறுத்துவேன். நூலகம் அடுத்த ஆண்டும் இருக்கும்.