அமெரிக்கக் காவலர்களின் உடல் கேமராக்களும் கூட்டாட்சி அரசின் மானியமும்

அமெரிக்கக் காவலர்களின் மார்பில் கேமரா ஏறியது 2014-இல் ஃபெர்குசனில் வெடித்த போராட்டத்தால்தான் என்று பொதுவாக எழுதப்படுகிறது. அரசுப் பணம் போன வழியைப் பின்தொடர்ந்தால் இன்னும் பதினைந்து ஆண்டுகள் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

1998 ஏப்ரலில் நியூ ஜெர்சி நெடுஞ்சாலையில் மாநிலப் போலீசார் ஒரு வேனை நிறுத்தினார்கள். உள்ளே இருந்த நான்கு இளைஞர்களில் ஒருவரிடமும் ஆயுதம் இல்லை. போலீசார் சுட்டதில் மூவர் காயமடைந்தனர். நிறத்தைப் பார்த்து வண்டியை நிறுத்துகிறார்கள் என்ற நெடுநாள் புகார் அதன்பின் கூட்டாட்சி நீதிமன்றம் வரை சென்றது. 1999-இல் கூட்டாட்சி நீதித் துறையுடன் ஏற்பட்ட உடன்பாட்டில், ரோந்து வண்டிகளில் கேமரா கட்டாயமானது. 2000-ஆம் ஆண்டு முதல், நீதித் துறையின் சமூகக் காவல் அலுவலகம் மாநிலப் போலீஸ் படைகளுக்கு வண்டிக் கேமரா வாங்க மானியம் கொடுத்தது. அப்போது மாநில ரோந்து வண்டிகளில் 11 விழுக்காட்டில் மட்டுமே கேமரா இருந்தது. 2004-இல் அது 72 விழுக்காடு. காவல் துறையின் மீது நம்பிக்கை சரியும்போது கருவி வாங்கப் பணம் ஒதுக்குவது என்ற வழக்கம் அந்த நான்கு ஆண்டுகளில் வேரூன்றியது என்பது என் கருத்து.

உடலில் அணியும் கேமராவை முதலில் முயன்று பார்த்தது பிரிட்டன். பிளைமவுத் நகரில் 2005-06-இல் சோதனை நடந்தது. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் ரியால்டோ என்ற சிறு நகரம் 2012-இல் இதில் இறங்கியது. அங்கே 54 காவலர்களை வைத்து ஓராண்டு நடந்த ஆய்வில், பலப்பிரயோகம் பாதிக்கு மேல் குறைந்தது. பொதுமக்களின் புகார்கள் 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தன. சிறிய ஊர், சிறிய படை. ஆனாலும் பின்னாளில் கேமராவுக்கு நிதி கேட்டவர்கள் பலரும் காட்டிய சான்று இதுதான்.

2014 ஆகஸ்ட் 9 அன்று ஃபெர்குசனில் மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞர் காவலர் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டபோது, நடந்ததைக் காட்டும் படப்பதிவு ஒன்றும் இல்லை. சுட்ட காவலர்மீது வழக்குத் தொடர வேண்டியதில்லை என்று நவம்பர் 24 அன்று கிராண்ட் ஜூரி முடிவு செய்தது. ஒரு வாரத்தில், டிசம்பர் 1 அன்று, அதிபர் ஒபாமா 26.3 கோடி டாலர் திட்டத்தை அறிவித்தார். அதில் 7.5 கோடி டாலர் மூன்றாண்டுகளில் 50,000 உடல் கேமராக்கள் வாங்க உதவுவதற்கு. செலவில் பாதியை உள்ளாட்சிகளே போட வேண்டும்.

2015 மே மாதம் 2 கோடி டாலரில் முன்னோடித் திட்டம் தொடங்கியது. செப்டம்பரில் 32 மாநிலங்களின் 73 காவல் துறைகளுக்கு 2.32 கோடி டாலருக்கு மேல் வழங்கப்பட்டது. இந்த முதல் ஆண்டின் நிபந்தனைகளை ஊன்றிப் படிக்க வேண்டும். பின்னால் வந்த சிக்கல்கள் பலவும் அவற்றிலேயே இருக்கின்றன. கேமரா வாங்குமுன் எழுத்துவடிவில் கொள்கையும் பயிற்சித் திட்டமும் வேண்டும் என்றது நீதித் துறை. நல்ல நிபந்தனைதான். ஆனால் அந்தக் கொள்கை எந்தெந்தப் பொருள்களைத் தொட வேண்டும் என்பதோடு அது நின்றுவிட்டது. அறிக்கை எழுதும் முன் காவலர் காட்சியைப் பார்க்கலாமா, கேமராவை இயக்கத் தவறினால் என்ன தண்டனை, இறந்தவரின் குடும்பத்துக்கு எப்போது காட்ட வேண்டும் என்ற முடிவுகள் அந்தந்தத் துறைக்கே விடப்பட்டன. தன் கண்காணிப்புக்கான விதியைத் தானே எழுதிக்கொள்ளும் உரிமை காவல் துறைக்குக் கிடைத்தது. காட்சிகளை நீண்டகாலம் சேமிக்கும் செலவும் உள்ளாட்சியின் தலையில் விழுந்தது. கேமராவை ஒருமுறை வாங்கினால் போதும். சேமிப்புக் கட்டணமோ ஆண்டுதோறும் வரும். காவலர்களுக்குக் கேமரா விற்ற டேசர் நிறுவனம் இதைப் புரிந்துகொண்டிருந்தது. 2017-இல் ஆக்சன் என்று பெயரை மாற்றிக்கொண்டபோது, ஓராண்டுக்குக் கேமராவும் சேமிப்பும் இலவசம் என்று நாடெங்கும் உள்ள காவலர்களுக்கு அறிவித்தது.

மாநிலங்களும் வேகமாகச் சட்டம் இயற்றின. தென் கரோலினா 2015 ஜூனில் உடல் கேமராவைக் கட்டாயமாக்கியது. அதே சட்டம் அக்காட்சிகளைத் தகவல் உரிமைச் சட்டத்தின் வரம்பிலிருந்து விலக்கி வைத்தது. 2016-க்குள் நாட்டின் காவல் துறைகளில் 47 விழுக்காடு உடல் கேமராவை வாங்கியிருந்தன.

பணம் பரவிய அளவுக்குச் சான்று வலுப்படவில்லை. தலைநகர் வாஷிங்டனில் 2,000-க்கும் மேற்பட்ட காவலர்களிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வு, பலப்பிரயோகத்திலும் புகார்களிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் காணவில்லை. லாஸ் வேகாஸ் ஆய்வில் இரண்டும் குறைந்தன. கேமரா எப்போது இயங்க வேண்டும், பதிவை யார் பார்ப்பார் என்ற விதிகள் ஊருக்கு ஊர் வேறுபடும்போது விளைவும் வேறுபடுவதில் எனக்கு வியப்பில்லை.

மினியாபோலிஸ் 2015-இலேயே மானியம் பெற்ற நகரம். 2017 ஜூலையில் உதவி கேட்டு அழைத்த ஒரு பெண்ணை அந்நகரக் காவலர் சுட்டுக் கொன்றபோது, அங்கிருந்த இரு காவலர்களின் கேமராக்களும் அணைந்திருந்தன. 2020 மே 25 அன்று அதே நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலர் ஒருவரால் கொல்லப்பட்டபோது காவலர்களின் கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆனாலும் உலகுக்கு உண்மையைக் காட்டியது வழியில் நின்ற ஒரு பதின்வயதுப் பெண்ணின் கைப்பேசி. காவலர்களின் பதிவு மக்கள் முன் வர ஆகஸ்ட் ஆனது.

உள்ளூர்க் காவலர்களுக்குக் கேமரா வாங்கிக் கொடுத்த அதே நீதித் துறை, கூட்டாட்சிப் படைகளோடு இணைந்து பணியாற்றும்போது அதை அணியக் கூடாது என்று தடுத்தும் வந்தது. இதனால் 2019-இல் அட்லாண்டா காவல் துறை தன் ஆட்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. 2020 அக்டோபரில்தான் அந்தத் தடை நீங்கியது. மரணமோ கடுங்காயமோ நேர்ந்தால் காட்சியை விரைவாக வெளியிடும் வகையில் கூட்டாட்சிக் காவல் அமைப்புகள் கொள்கை வகுக்க வேண்டும் என்று அதிபர் பைடன் 2022 மே மாதம் ஆணையிட்டார். 2025 ஜனவரி 20 அன்று அதிபர் டிரம்ப் அதை ரத்து செய்தார்.

அதிபரின் ஆணையை அடுத்த அதிபர் நீக்கிவிடலாம். ஆகவே, மரணம் நேர்ந்த நிகழ்வின் பதிவை எத்தனை நாளுக்குள் வெளியிட வேண்டும் என்பதைக் காங்கிரஸ் சட்டமாகவே எழுத வேண்டும். அதற்கு உடன்படாத துறைக்கு இனி ஒரு டாலரும் தரக் கூடாது.