ஓமத்தின் கடற்பிரயாணம்

ஓமத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் வாசகர்கள் வயிற்று வலியையும் பாட்டியையும் நினைத்துக்கொள்வார்கள். பாட்டிக்கும் இந்தச் சரித்திரத்தில் இடம் உண்டு, சிறிய இடம். நம் ஓமம் கப்பலேறி ஜெர்மனிக்குப் போய், அங்கே வேறு பெயர் சூட்டிக்கொண்டு, கண்காணாத தேசத்து ஏழைகளின் குடலுக்குள் புகுந்து யுத்தம் செய்திருக்கிறது. நான் நாவல் எழுதுகிறவன். ஒரு பாத்திரம் ஊரை விட்டுப் போய்ப் பெயரை மாற்றிக்கொண்டது என்று கேள்விப்பட்டால், பின்னாலேயே போய்ப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

ஓமத்தை வாலையில் இட்டு எண்ணெய் இறக்கினால், அதிலிருந்து கற்கண்டுப் பொடி போல ஒரு வெள்ளைப் பொருள் உறைந்து வரும். நாட்டு மருந்துக் கடையில் ஓம உப்பு என்று கேட்டால் தருவார்கள். வடக்கே அதற்கு ஓமப் பூ என்று பொருள்படும் பெயர். சென்ற நூற்றாண்டுக்கும் முந்தியே உஜ்ஜயினி வட்டாரத்தில் இதைத் தயாரித்துக் கடைவீதிகளில் விற்றுவந்தார்கள். ஐரோப்பாவிலோ 1719ல் காஸ்பர் நாய்மன் என்ற ஜெர்மானியர், தைம் என்ற வாசனைப் பூண்டின் எண்ணெயிலிருந்து இப்படி ஒரு பொருளை எடுத்தார். 1853ல் அதற்குத் தைமால் என்று பெயர் வைத்தார்கள். அதன் பிறகு சில ஆண்டுகளுக்குள், ஓம எண்ணெயில் உறைவதும் அதே தைமால்தான் என்று தெரிந்துவிட்டது. தைமைக் காட்டிலும் ஓமத்தில் அதை எடுப்பது சுலபம், மலிவு. அவ்வளவுதான், ஓம மூட்டைகள் துறைமுகத்துக்குப் புறப்பட்டன.

முதலில் அதற்குக் கிடைத்த உத்தியோகம் கிருமிகளைக் கொல்வது. லிஸ்டர் துரை கார்பாலிக் அமிலத்தால் காயங்களைக் கழுவிய காலம் அது. தைமாலும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் வாசனையானது. 1879ல் அமெரிக்காவில் உருவான லிஸ்டரின் என்ற வாய் கொப்பளிக்கும் திரவத்தில் அதைச் சேர்த்தார்கள். இன்றும் அதில் தைமால் உண்டு. காலையில் லிஸ்டரினால் வாய் கொப்பளிக்கும் நாகரிகக் கனவான்களுக்கு அதிலுள்ள ஓமச் சரக்கைப் பற்றி யாராவது சொன்னால் தேவலை.

ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து, சுமார் 15 கிலோமீட்டர் நீளத்துக்கு ஸெயின்ட் காத்தார்டு என்ற ரெயில் சுரங்கத்தை 1872 முதல் 1882 வரை வெட்டினார்கள். வெட்டியவர்களில் பெரும்பாலோர் இத்தாலிய ஏழைகள். உள்ளே வெப்பம், ஈரம். கக்கூஸ் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. திடமாகப் போனவர்கள் வெளுத்து, மூச்சு வாங்கி, நிற்க முடியாமல் வெளியே வந்தார்கள். அவர்களுடைய குடலில் இருந்தது கொக்கிப்புழு. 1838லேயே மிலான் நகரத்து வைத்தியர் டுபினி, இறந்துபோன ஒரு குடியானவப் பெண்ணின் குடலில் இதைப் பார்த்திருந்தார். அதை யார் பொருட்படுத்தினார்கள்? சுரங்கத்து ஆட்கள் நோயில் விழுந்தபோதுதான் பொருட்படுத்தினார்கள். அந்தச் சமயத்தில் டியூரினில் பொட்ஸோலோ என்ற வைத்தியர் இந்தப் புழுவுக்குத் தைமாலைக் கொடுத்துப் பார்த்தார். புழுக்கள் செத்து விழுந்தன.

இங்கே பாட்டி குறுக்கிட்டு, "இதைத்தானே நான் அப்போதே சொன்னேன்!" என்பாள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அன்று ஒரு பெரிய ஆளுக்குக் கொடுத்தது சுமார் 4 கிராம் தைமால். நூறு கிராம் ஓமத்தில் எண்ணெய் இரண்டு முதல் நான்கு கிராம். அதில் பாதியளவே தைமால். அப்படியானால் ஒரு வேளை மருந்துக்கு இருநூறு கிராம் ஓமமாவது வேண்டும். பாட்டியின் ஒரு கரண்டி ஓமத்தண்ணீர் வாயுவைக் கலைக்கும். கொக்கிப்புழுவை ஒன்றும் செய்யாது. அந்த 4 கிராமும் விளையாட்டல்ல. முதல் நாள் இரவு பேதி உப்பு, விடிந்ததும் பாதி மருந்து, இரண்டு மணி நேரம் கழித்து மீதி, பிறகு மறுபடி பேதி உப்பு. அன்றைக்கு எண்ணெய், நெய், சாராயம் ஒன்றும் உள்ளே போகக் கூடாது. போனால் தைமால் அதில் கரைந்து ரத்தத்தில் ஏறிவிடும். புழுவைக் கொல்ல வந்தது ஆளையே கொன்றுவிடும்.

இந்த மருந்தை வைத்துக்கொண்டுதான் அமெரிக்காவில் ராக்பெல்லர் 1909ல் பத்து லட்சம் டாலர் கொடுத்து ஒரு கமிஷனை ஏற்படுத்தினார். தென் பிரதேசத்தின் பதினொரு மாகாணங்களில், ஐந்து ஆண்டுகளில் ஏழு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான பேருக்கு வைத்தியம் நடந்தது. திருவிழாக் கூட்டம் போல் ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து, பூதக்கண்ணாடியில் தங்கள் புழுவின் முட்டையைத் தாங்களே பார்த்துவிட்டு மருந்து வாங்கிப் போனார்களாம்.

1914ல் யுத்தம் வந்தது. ஓமம் நம்முடையது, தைமால் ஆக்கும் தொழிற்சாலை ஜெர்மனியினுடையது. நடுவே கடல் அடைபட்டது. தைமால் விலை ஆகாயத்துக்கு ஏறியது. அப்போதுதான் இங்கேயே தைமால் காய்ச்சலாமே என்ற யோசனை சர்க்காருக்கு உதித்தது! ஆனால் அதற்குள் கீனோபோடியம் என்ற அமெரிக்கப் பூண்டின் எண்ணெய் முந்திக்கொண்டது. அது புழுவைக் கொல்வதில் கெட்டி. அளவு மிஞ்சினால் காதைச் செவிடாக்கும், உயிரையும் வாங்கும். 1921ல் கார்பன் டெட்ராகுளோரைடு வந்து அதையும் ஒதுக்கியது. இன்று பள்ளிப் பிள்ளைகள் ஒரே ஒரு அல்பெண்டசோல் மாத்திரையை மென்றுவிட்டு விளையாடப் போய்விடுகிறார்கள்.

மருந்துகள் மாறிக்கொண்டே இருந்தன. புழுவின் பாதை மாறவில்லை. 1898ல் கெய்ரோவில் லூஸ் என்ற விஞ்ஞானி, புழுக்குஞ்சு இருந்த தண்ணீரைத் தற்செயலாகத் தன் கையில் சிந்திக்கொண்டார். தோல் அரித்தது, சில வாரங்களில் அவருடைய மலத்திலேயே முட்டை வந்துவிட்டது. மலத்தோடு மண்ணுக்கு வரும் முட்டை குஞ்சாகி, வெறுங்கால் வழியே உடம்பில் ஏறுகிறது என்பது அப்படித்தான் ஊர்ஜிதமாயிற்று. அப்படியானால் மருந்தோடு கக்கூஸும் செருப்பும் சேர்ந்தால்தான் வைத்தியம்.

இலங்கையில் மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் 1916ல் ராக்பெல்லர் ஆட்கள் வேலை தொடங்கியபோது இந்த உண்மை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அங்கே வேலை செய்தவர்கள் நம் தமிழ் ஜனங்கள். சோதித்துப் பார்த்ததில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் புழு. பெரும்பாலும் கீனோபோடியம் எண்ணெய்தான் கொடுத்தார்கள். தோட்டத்துரைமார்களுக்கு மருந்தில் ஆட்சேபமில்லை; ரத்தமுள்ள ஆள் அதிகக் கொழுந்து பறிப்பான் அல்லவா? மருந்து குடித்த அன்று ஆள் மலைக்கு வரமாட்டான் என்பதில் கொஞ்சம் முணுமுணுப்பு. லயங்களுக்குக் கக்கூஸ் கட்டுங்கள் என்று டாக்டர்கள் சொன்னபோதுதான் செலவுக் கணக்குப் புஸ்தகம் வெளியே வந்தது. பிற்காலத்தில் மண்டபம் முகாமிலேயே, கப்பலேறுமுன் மருந்து கொடுத்து அனுப்பினார்கள். அக்கரை போய்ச் சேர்ந்தவர்கள் வெறுங்காலோடு தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஈர மண்ணில் இறங்கினார்கள். சில மாதம் கழித்துச் சோதித்தபோது, புது முட்டைகள் பூதக்கண்ணாடியில் தெரிந்தன.