பழைய லென்ஸ் சொல்லும் வரலாறு

தில்லிச் சாந்தினி சௌக்கில் கூச்சா சௌத்ரி என்றொரு சந்து உண்டு. கொல்கத்தாவில் மெட்ரோ திரையரங்கை அடுத்த சந்தை 'மெட்ரோ கலி' என்று வழங்குவர். மும்பையின் பெரிய புகைவண்டி நிலையத்திற்கு அருகே போரா பஜார் இருக்கிறது. தாயகத்தை விட்டு இந்நகரங்களில் வந்து வாழும் தமிழருள், புகைப்படக் கலையில் நாட்டமுடையோர் இவ்விடங்களை நன்கறிவர். சென்னையில் 1985ஆம் ஆண்டு தீக்கிரையான மூர் மார்க்கெட்டில் பழம்பொருள் தேடிப் பழகிய மூத்தவர்களுக்கு இவ்விடங்களின் நெரிசலும் பேரமும் புதியன அல்ல.

அத்தகைய கடையொன்றில் ஒரு பழைய லென்ஸ் நம் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பித்தளைக் குழல் தேய்ந்திருக்கிறது. கண்ணாடியின் மேல் நீலமும் ஊதாவுமாக மெல்லிய கறை படர்ந்திருக்கிறது. விலையோ மலிவு. இதனை வாங்கலாமா, கூடாதா? வெளுத்ததெல்லாம் பால் அன்று என்பதை நாம் அறிவோம். கறைபட்டதெல்லாம் கெட்டதும் அன்று என்பதை லென்ஸின் வரலாறு நமக்கு உணர்த்துகிறது. அவ்வரலாற்றைச் சிறிது காண்போம்.

1839ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் டாகேரின் புகைப்பட முறை பாரிஸ் நகரில் உலகறிய வெளியிடப்பட்டது. அந்நாளில் அம்முறைக்குப் பயன்பட்ட லென்ஸ், ஷெவாலியே என்னும் பிரெஞ்சுக் கண்ணாடி வினைஞர் ஆக்கியது. அதன் வழியே புகுந்த ஒளி மிகக் குறைவு. மாடமாளிகைகள் அசையாமல் நிற்கும். பல நிமிடம் காத்திருந்து அவற்றைப் படமெடுக்கலாம். மனிதன் அவ்வாறு நிற்க இயலுமா? தன் முகத்தைப் படத்தில் காண விழைந்த மக்களின் ஆசைக்கு லென்ஸே தடையாக நின்றது.

அத்தடையை நீக்கியவர் யோசப் பெட்ஸ்வால் என்னும் கணிதப் பேராசிரியர். இன்றைய ஸ்லோவாகியா நாட்டில் பிறந்து, வியன்னாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். அதுவரை லென்ஸ் செய்வோர் கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தே சரியான வடிவத்தைக் கண்டனர். பெட்ஸ்வாலோ முதலில் கணக்கிட்டு, அதன்பின் கண்ணாடியைத் தேய்க்கச் செய்தார். அக்கணக்கோ மலைபோன்றது. ஆஸ்திரிய அரச குடும்பத்தைச் சேர்ந்த லூட்விக் கோமகன், பீரங்கிப் படையில் கணக்கு வல்ல வீரர் சிலரை அவருக்குத் துணையாக அனுப்பினார். குண்டு விழும் இடத்தைக் கணக்கிட்ட கைகள் ஒளி விழும் இடத்தைக் கணக்கிட்டன. 1840ஆம் ஆண்டில் உருவான அந்த லென்ஸ், முன்னதைவிட ஏறத்தாழ 16 மடங்கு ஒளியை உள்ளே விட்டது. பல நிமிடங்கள் சில வினாடிகளாகச் சுருங்கின. முகப்பட நிலையங்கள் ஊர்தோறும் தோன்றின.

ஆனால் பெட்ஸ்வாலுக்குக் கிடைத்த பயன் சிறிதே. லென்ஸைச் செய்து விற்ற வோய்க்ட்லாண்டர் நிறுவனத்திடமிருந்து அவர் பெற்றது ஒரே ஒரு முறை கொடுத்த 2000 கில்டர் தொகைதான். நிறுவனம் செழித்தது, இருவருக்கும் பிணக்கு முற்றியது. நிறுவனம் 1849ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிரௌன்ஷ்வைக் நகருக்குத் தொழிலை விரித்தது. பெட்ஸ்வால் 1891ஆம் ஆண்டில் மறைந்தார். பித்தளைக் குழல்மேல் இன்றும் நாம் காண்பது விற்றவர் பெயரையே. கணக்கிட்டவர் பெயரை அன்று.

பெட்ஸ்வால் லென்ஸ் நடுவில் கூர்மையாகவும் ஓரங்களில் மங்கலாகவும் காட்டும். முகப்படத்திற்கு அது குறையன்று, அழகேயாகும். ஆனால் தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 1858ஆம் ஆண்டில் 21 படங்களாக எடுத்து நீண்ட சுருளாக இணைத்த லின்னேயஸ் டிரைப் போன்றோரின் பணிக்கு அது ஒவ்வாது. எழுத்து ஓரத்தில் மங்கினால் கல்வெட்டைப் படிப்பது எங்ஙனம்? ஆகவே லென்ஸ் நல்லதா என்று கேட்பதற்கு முன் எதற்கு நல்லது என்று கேட்கவேண்டும். பழைய லென்ஸ் வாங்குவோர் மனத்திற்கொள்ள வேண்டிய முதற்பாடம் இதுவே.

இனி நம் கையிலுள்ள லென்ஸின் நீலக் கறைக்கு வருவோம். இங்கிலாந்தின் யார்க் நகரில் தொலைநோக்கிகள் செய்த குக் நிறுவனத்தில் டென்னிஸ் டெய்லர் என்ற அறிஞர் இருந்தார். மூன்றே கண்ணாடிகளால் படம் முழுவதையும் கூர்மையாகக் காட்டும் லென்ஸை 1893ஆம் ஆண்டில் அமைத்துப் புகழ் பெற்றவர் அவர். நெடுநாள் காற்றுப் பட்டுக் கறை படிந்த தொலைநோக்கிக் கண்ணாடிகளை அவர் ஆராய்ந்தபோது வியப்பொன்று கண்டார். கறைபட்ட கண்ணாடி, புதிய கண்ணாடியைவிடக் குறைவாக அன்று, மிகுதியாகவே ஒளியை உள்ளே விட்டது!

காரணம் என்ன? ஒளி காற்றிலிருந்து கண்ணாடிக்குள் புகும்போதும், கண்ணாடியிலிருந்து வெளியேறும்போதும், ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்கு திரும்பிவிடுகிறது. மூன்று தனிக் கண்ணாடிகள் உள்ள லென்ஸில் ஆறு பரப்புகள். ஆகவே வந்த ஒளியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வீணாகிறது. வீணாவதோடு நில்லாமல் உள்ளுக்குள்ளேயே எதிரொளித்து, படத்தின்மேல் வெண்திரைபோல் பரவுகிறது. கறையென்பது கண்ணாடியைவிட ஒளியைக் குறைவாக வளைக்கும் மெல்லிய படலம். அதன் மேற்பரப்பில் திரும்பும் ஒளியலையும், கீழ்ப்பரப்பில் திரும்பும் ஒளியலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. திரும்பாத ஒளி உள்ளே செல்கிறது. கறையை அழுக்கென்று எண்ணி மீண்டும் மெருகேற்றியவர்கள், காலம் இலவசமாகத் தந்த நன்மையைக் கூலி கொடுத்து அழித்தார்கள்.

இயற்கை செய்ததைத் தாமே செய்ய முயன்ற டெய்லர், அமிலம் முதலியவற்றால் கண்ணாடிக்குச் செயற்கைக் கறை ஏற்றும் முறைக்கு 1904ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். ஆனால் கண்ணாடிக்குக் கண்ணாடி பயன் மாறுபட்டது. 1935ஆம் ஆண்டில், ஜெர்மனியின் யேனா நகரத்து ஸைஸ் நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்சாந்தர் ஸ்மகுலா வேறொரு வழி கண்டார். வெற்றிடத்தில் உப்புப் பொருளை ஆவியாக்கி, அதனைக் கண்ணாடியின்மேல் மெல்லிய பூச்சாகப் படியவைத்தார். இன்று எல்லா லென்ஸிலும் நாம் காணும் ஊதாப் பளபளப்பு அவ்வழி வந்ததே. முதலில் போர்க்கருவிகளுக்கே பயன்பட்டு மறைவாக வைக்கப்பட்ட இம்முறை, போருக்குப்பின் பொதுவுடைமை ஆயிற்று. தொடக்ககாலப் பூச்சுகள் மென்மையானவை. கரடுமுரடான துணியால் துடைத்தவர்களின் கைவண்ணம், அக்காலத்து லென்ஸ்களில் மெல்லிய கீறல்களாக இன்றும் தெரியும்.

யேனா நகரின் கதை இத்துடன் முடியவில்லை. அங்கே கார்ல் ஸைஸ், எர்ன்ஸ்ட் அபே, ஓட்டோ ஷாட் ஆகியோர் கூடி 1884ஆம் ஆண்டில் அமைத்த கண்ணாடித் தொழிற்சாலையே, புதுவகைக் கண்ணாடிகளை உலகிற்கு அளித்தது. 1902ஆம் ஆண்டில் அந்நகரில் தோன்றிய 'டெஸ்ஸார்' என்னும் நான்கு கண்ணாடி லென்ஸ் எத்தனையோ நாடுகளில் படியெடுக்கப்பட்டது. 1945ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கப் படை யேனாவிற்குள் நுழைந்தது. உடன்படிக்கையின்படி அந்நகரைச் சோவியத்து நாட்டிடம் விடவேண்டியிருந்ததால், அமெரிக்கர் வெளியேறுமுன் அறிஞர்களையும் தொழில் வல்லுநர்களையும் குடும்பத்தோடு மேற்கே கொண்டு சென்றனர். அவர்களால் ஓபர்கோகன் என்னும் ஊரில் மற்றொரு ஸைஸ் நிறுவனம் எழுந்தது. பின்வந்த சோவியத்தார் எந்திரங்களையும், 1946ஆம் ஆண்டில் வேறு பல வல்லுநர்களையும் கிழக்கே கொண்டு சென்றனர். கீவ் நகரில் ஜெர்மானியக் காமிராவின் வடிவில் 'கீவ்' காமிராக்கள் வெளிவரலாயின. ஜெர்மன் 'சொன்னார்' லென்ஸ் அங்கே 'யூப்பிட்டர்' ஆயிற்று. 'பயோட்டார்' லென்ஸ் 'ஹீலியோஸ்' ஆயிற்று. பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு, விருப்பம் கேளாமலே பெயர்த்து நடப்பட்ட அந்தக் குடும்பங்களின் நிலை எளிதில் விளங்கும்.

ஒரு பெயருக்கு இரு நிறுவனங்கள் உரிமை கொண்டாடின; வழக்குகள் எழுந்தன. ஆகவே கிழக்கு ஜெர்மனியின் லென்ஸ்கள் சில நாடுகளில் ஸைஸ் என்ற பெயரின்றி, 'யேனாவிலிருந்து' என்று பொருள்படும் சொல்லை மட்டும் தாங்கி விற்பனைக்கு வந்தன. பெயர் மாறினும் பொருள் ஒன்றே. 1990ஆம் ஆண்டில் ஜெர்மனி ஒன்றானபின், இரு நிறுவனங்களும் மீண்டும் இணைந்தன. இக்கதையை அறிந்தவர், பெயரில்லை என்று நல்ல லென்ஸைத் தள்ளமாட்டார். பெயரிருக்கிறது என்று ஏமாறவுமாட்டார். சோவியத்துக் காமிராக்களின்மேல் 'லைக்கா' என்று பொறித்து விற்கும் போலிகள் இன்றும் சந்தையில் உலவுகின்றன.

கீழ்த்திசையிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 1950ஆம் ஆண்டில் அமெரிக்க 'லைஃப்' இதழின் புகைப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கன், டோக்கியோவில் ஜப்பானிய 'நிக்கார்' லென்ஸைச் சோதித்து வியந்து, கொரியப் போர்க்களத்திற்கு அதனையே கொண்டு சென்றார். ஜப்பானியப் பொருள் என்றால் மலிவுச் சரக்கு என்றிருந்த எண்ணம் அதன்பின் மாறலாயிற்று.

நம் நாட்டில், விடுதலைக்குப்பின் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் காமிரா இறக்குமதி நெடுங்காலம் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. ஆகவே ஒரு நல்ல லென்ஸ் கைமாறிக் கைமாறிப் பலருக்கு உழைத்தது. வெளிநாடு சென்று மீண்டவர் கொணர்ந்தவையும், மூடப்பட்ட ஸ்டூடியோக்களிலிருந்து வந்தவையுமே நம் பழைய சந்தைகளை நிரப்பின. கூடவே நம் கடலோர நகரங்களின் ஈரக்காற்றும் தன் வேலையைச் செய்தது. அதன் விளைவே பூசணம். இரண்டாம் உலகப்போரில் நியூகினிக் காடுகளில் போரிட்ட படைகளின் தொலைநோக்கிகளைப் பூசணம் குருடாக்கியபோதுதான், விஞ்ஞானிகள் அதன் கொடுமையை முழுதும் உணர்ந்தனர். சிலந்தி வலைபோல் கிளைத்துப் படரும் பூசணம் அமிலத்தைச் சுரந்து, பூச்சையும் நாளடைவில் கண்ணாடியையும் அரிக்கிறது. நீலக்கறை நண்பன் என்றால், பூசணம் பகைவன். பூசணம் பிடித்த லென்ஸை நல்லவற்றோடு ஒரே ஈரமான பெட்டியில் வைத்தலும் தகாது.

ஆதலின் வாங்குமுன் செய்யவேண்டியவை சில உண்டு. லென்ஸின் ஒரு பக்கம் கைவிளக்கைப் பிடித்து, மறுபக்கம் சற்றுச் சாய்வாக நோக்குக. கிளைவிட்ட நூல்கள் தெரிந்தால் அது பூசணம். சீரான புகைமூட்டம் தெரிந்தால், உள்ளே எண்ணெய் ஆவி படிந்திருக்கலாம்; அது பெரும்பாலும் துடைத்து நீக்கக்கூடியது. விளிம்பில் வானவில் வண்ணம் தோன்றினால், இரு கண்ணாடிகளை ஒட்டிய பிசின் விட்டுப்போகிறது என்று பொருள். அதைச் செப்பனிடுவது எளிதன்று. ஒளித்துவாரத்தின் தகடுகள் தடையின்றி விரிந்து சுருங்குகின்றனவா, குவிய வளையம் சீராகத் திரும்புகிறதா என்றும் பார்க்க. முன்கண்ணாடியில் ஓரிரு கீறல் இருந்தால் படம் கெடுவதில்லை. விலை குறைவதுதான் மிச்சம். பின்கண்ணாடியில் கீறல் இருந்தால் தயங்குக.

சில லென்ஸ்கள் தேநீர் நிறத்தில் மஞ்சளித்திருக்கும். 1940களிலிருந்து 1970கள் வரை சில லென்ஸ்களில் தோரியம் கலந்த கண்ணாடி பயன்பட்டது. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள அதே தோரியம். அதன் கதிரியக்கம் நாளடைவில் கண்ணாடியை மஞ்சளாக்குகிறது. வெயிலில் உள்ள புறஊதாக் கதிர்கள் சில நாட்களில் அதனைத் தெளிவிக்கும். கதிரியக்கம் குறைவே எனினும், அத்தகைய கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டி வைப்பதும் அரைத்துப் பொடியாக்குவதும் ஆகா.

பிலிம் காலம் முடிந்ததும் இவையெல்லாம் பயனற்றுப்போகும் என்று பலர் கருதினர். 2008ஆம் ஆண்டு முதல் வந்த, உள்ளே ஆடியில்லாத மின்னணுக் காமிராக்கள் அக்கருத்தைப் பொய்யாக்கின. ஆடியில்லாமையால் அவற்றில் லென்ஸுக்கும் படப்பரப்புக்கும் உள்ள இடைவெளி மிகக் குறைவு. அவ்விடைவெளியை ஓர் இணைப்பு வளையத்தால் ஈடுசெய்து, எந்த நாட்டுப் பழைய லென்ஸையும் பொருத்திவிடலாம். மூலையில் கிடந்த லென்ஸ்களுக்கு விலை ஏறியது. 2013ஆம் ஆண்டில் பெட்ஸ்வால் லென்ஸே புதிதாக வார்க்கப்பட்டு வெளிவந்தது. இம்முறை லென்ஸிற்கே அவர் பெயரைச் சூட்டினார்கள்.

கடைக்காரர் இன்னும் நம் விடைக்காகக் காத்திருக்கிறார். விளக்கொளியில் பார்க்கிறோம், நூல்கள் இல்லை, வானவில் இல்லை. இருப்பது நீலக்கறை ஒன்றே. நியாயமான விலையைக் கேட்டு வாங்குவோம். வீட்டிற்குக் கொண்டுபோனபின், மெருகேற்றித் தருகிறேன் என்று எவரேனும் கூறினால், வேண்டாம் என்று சொல்லிவிடுவோம்.