பகல்நேர முகப்பு விளக்கு

பட்டப்பகலில் மோட்டார் சைக்கிளின் ஹெட்லைட் எரிவது வழி தெரிவதற்காக அல்ல, பிறர் கண்ணில் படுவதற்காக. நேர் எதிரே வரும் பைக் பார்வைக்கு மெல்லிய கோடுதான். உருவம் சிறிதாகத் தெரிவதால் அது இன்னும் தொலைவில், மெதுவாக வருவதாகக் கண் கணக்குப் போடுகிறது. குறுக்கே திரும்பும் கார் ஓட்டுநர் அந்தத் தப்புக்கணக்கை நம்பித்தான் ஸ்டீயரிங்கை வளைக்கிறார்.

“பைக் வந்ததையே கவனிக்கவில்லை” என்று விபத்துக்குப் பின் அவர் சொல்வது பெரும்பாலும் உண்மையே. தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட், லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் சுமார் 900 விபத்துகளை நடந்த இடத்திலேயே ஆராய்ந்து 1981இல் அறிக்கை அளித்தார். பைக்கும் வேறொரு வாகனமும் மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, பைக்குக்கு உரிய வழியில் மற்ற வாகனம் புகுந்ததால் நேர்ந்தவை.

வெளிச்சம் குறைந்த வட நாடுகளில் பகல் விளக்கு முதலில் எல்லா வாகனங்களுக்குமான விதியாகவே வந்தது. பின்லாந்து 1972இல் குளிர்காலத்துக்கு மட்டும் கட்டாயமாக்கியது. ஸ்வீடன் 1977இல் ஆண்டு முழுவதற்கும்.

வெயில் கொளுத்தும் நாட்டில் பகல் விளக்கு எதற்கு என்ற கேள்விக்கு மலேசியா பதில் தந்தது. அங்கே 1992 செப்டம்பரில் மோட்டார் சைக்கிள்களுக்கு மட்டும் இது கட்டாயமானது. சிரம்பான், ஷா ஆலம் பகுதிகளில் நடந்த ஆய்வில், கண்ணில் படாததால் நேரும் விபத்துகள் சுமார் 29 சதவீதம் குறைந்திருந்தன. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்து 2004இல் வெளியான ஆய்விலும், பகலில் விளக்குடன் ஓட்டியவர்களுக்கு விபத்தில் காயமடையும் ஆபத்து 27 சதவீதம் குறைவு. ஒளி பிரதிபலிக்கும் உடைக்கோ பலன் இன்னும் கூடுதல்: 37 சதவீதம்.

இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வாகனங்களில் எஞ்சின் ஓடினாலே விளக்கும் எரிகிறது. அணைக்க சுவிட்ச் இல்லை. தொடக்கத்தில் எதிரே வந்தவர்கள் விரல்களை விரித்து மூடி “லைட் எரியுது” என்று ஜாடை காட்டுவது தமிழ்நாட்டுச் சாலைகளில் அன்றாடக் காட்சியாக இருந்தது. விளக்கு தன் வேலையைச் செய்ததற்கு அந்த ஜாடையே சாட்சி.

சிக்கல் கார்களும் விளக்கேற்றியபோது தொடங்கியது. 2011 பிப்ரவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் புதிய கார் மாதிரிகளுக்குப் பகல் விளக்கைக் கட்டாயமாக்கியது. ஆஸ்திரியாவோ அதற்கு முன்பே, 2005இல் கார்களுக்கும் கொண்டுவந்த விதியை 2008இல் கைவிட்டிருந்தது. ஒளிப்புள்ளிகள் பெருகினால் பைக்கின் தனித்தன்மை கரைந்துவிடும் என்று மோட்டார் சைக்கிள் ஓட்டிகள் அஞ்சியது வீண் பயமல்ல. பிரான்சில் கவாலோ, பிண்டோ என்ற இரு ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட முடிவு அதையே காட்டியது: சுற்றியுள்ள கார்களும் விளக்குடன் வந்தபோது பைக் கண்ணில் படுவது குறைந்தது. பின்னர் அவர்கள் பைக்குக்கு மஞ்சள் ஹெட்லைட் பொருத்திச் சோதித்தார்கள். வெள்ளை ஒளிகளுக்கு நடுவே அது தனித்துத் தெரிந்தது.